தேக்கா லாட்ஜிலிருந்து மெரினா பே சாண்ட்ஸுக்கு, கடைசி ஓர் இரவு மட்டும் மாறலாமா?

பொன்மலை:
எல்லாருக்கும் வணக்கம். இப்போது சிங்கப்பூரில் இருக்கிறோம். நான், மனைவி, அம்மா. லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் பழைய கடைவீட்டை ஹோட்டலாக மாற்றிய ஓர் இடத்தில் தங்கியிருக்கிறோம், பெயர் வேண்டாம். புக் செய்தபோது படத்தில் அழகாகத் திரைச்சீலை தொங்கியது. வந்து விலக்கிப் பார்த்தால் பின்னால் வெறும் சுவர். பெட்டியை விரித்து வைத்துவிட்டால் ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்தால்தான் இன்னொருவர் நடக்க முடியும். ஷவரும் கழிப்பறையும் ஒரே தரை, ஒருவர் குளித்துவிட்டு வந்தால் அடுத்தவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். லிஃப்ட் இல்லை, எங்கள் அறை மூன்றாவது மாடி, அம்மாவுக்கு முட்டி வலி.

ஆனால் இடத்தைக் குறை சொல்ல முடியாது. கீழே இறங்கினால் தோசை, நாலு எட்டு வைத்தால் வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா கடைக்கு நடந்தே போகலாம். விஷயம் என்னவென்றால் மனைவிக்கு அந்த மூன்று கோபுரத்துக்கு மேல் கப்பல் மாதிரி நிற்கிறதே, அந்த நீச்சல் குளத்தில் ஒருமுறை இறங்கவேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை. கடைசி இரவு மட்டும் அங்கே மாறினால் என்ன என்று யோசிக்கிறோம், அம்மாவுக்கும் லிஃப்ட் கிடைத்த மாதிரி ஆகும். ஓர் இரவுக்கு அத்தனை காசு தண்டமா? திருச்சி விமானம் இரவில். போனவர்கள் சொல்லுங்கள்.

தேக்காவாசி:
வாங்க, வாங்க. நான் இங்கேயே வேலை பார்ப்பவன், ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். முதலில் ஒன்று. அந்தக் குளம் அங்கே தங்குபவர்களுக்கு மட்டும்தான், அறைக் கார்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. 57ஆம் மாடியிலேயே டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தளம் ஒன்று இருக்கிறது, அது வேறு. டிக்கெட் வாங்கினால் குளத்திலும் இறங்கலாம் என்று நினைத்துப் போய் ஏமாந்தவர்கள் நிறைய.

மாறுவது சுலபம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதையில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரோமனாட், அடுத்தது பேஃபிரண்ட். நாலாவது நிறுத்தம், ரயில் மாற வேண்டியதில்லை, நிலையம் ஹோட்டலுக்கு அடியிலேயே. டாக்ஸிகூட வேண்டாம், பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம்.

செக்-இன் மாலை 3 மணி, செக்-அவுட் காலை 11 மணி. ஆக நீங்கள் வாங்குவது 20 மணி நேரம், தூங்கும் நேரம் போக மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். திறந்தபோதே 2,500க்கு மேல் அறைகள் இருந்த ஹோட்டல் அது, மூன்று மணிக்கு வரவேற்புக் கவுன்டரில் நிற்கும் வரிசை அப்படி. காலையிலேயே போய்ப் பெட்டியை ஒப்படைத்துப் பதிவு வேலையையும் முடித்துவிட்டு வெளியே சுற்றுங்கள். அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போய்விட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்து படுப்பதற்கு தேக்கா அறையே போதும்.

சைக்கிள்காரன்:
தண்டம்தான். ஏன் என்று சொல்கிறேன். அந்தக் கட்டடம் அழகாகத் தெரிவது எதிர்க்கரையில் மெர்லயன் சிலை பக்கம் நின்றால்தான், உள்ளே தங்குபவனுக்கு அது மட்டும் தெரியாது! ராத்திரி 8 மணிக்கும் 9 மணிக்கும் தண்ணீரில் விளக்குக் காட்சி, இலவசம். பின்னால் கரையோரப் பூந்தோட்டங்களில் அந்தப் பெரிய இரும்பு மரங்களுக்கு அடியில் 7:45க்கும் 8:45க்கும் பாட்டோடு ஒளிக்காட்சி, அதுவும் இலவசம், தரையில் துண்டு விரித்துப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்தக் காசில் இன்னொரு நாட்டுக்கே போய்வரலாம்.

கணக்குப்பிள்ளை:
காசு என்றதும் வந்துவிட்டேன். புக்கிங் பக்கத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும், பலர் கவனிப்பதில்லை. முதல் கூட்டல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், இரண்டாவது ஜிஎஸ்டி, 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். இரண்டையும் கூட்டி 19 என்று போடாதீர்கள், சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்குத்தான் ஜிஎஸ்டி, ஆக 19.9. அறை 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால் 660 ஆகி, பில்லில் 719 வெள்ளி 40 காசு வரும். வெள்ளிக்கு 65 ரூபாய் என்று குறைத்துப் பிடித்தாலே நாற்பத்தாறாயிரத்தைத் தாண்டும். காலைச் சாப்பாடு சேர்த்தியா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அது தனி. மூன்றாவது ஆளுக்குக் கூடுதல் கட்டில் போட்டால் அதுவும் தனி.

நம் ஊரிலும் இதே கதைதான், 7,500 ரூபாயைத் தாண்டினால் அறைக்கு 18 சதவீதம், அந்த ஹோட்டல் உணவகத்தில் இட்லி தின்றாலும் 18. ஆனால் சேவைக் கட்டணத்துக்கு மேலேயும் வரி போடுவது கொஞ்சம் எரிச்சல்தான்.

சைக்கிள்காரன்:
நாற்பத்தாறாயிரம்! பொன்மலை, அம்மாவிடம் தொகையைச் சொன்னீர்களா?

பொன்மலை:
சொல்லவில்லை. சொன்னால் நாங்கள் மூன்று பேரும் இன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிடுவோம் :)

கோவைக்காரி:
தம்பி, உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தேன். இரண்டு வேறு விஷயத்தை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். மனைவியின் ஆசை குளம், அது ஒரு நாள் சமாசாரம், அதற்குக் கடைசி இரவு சரி. அம்மாவின் பிரச்சினை மாடிப்படி. அது இன்றைக்கும் இருக்கிறது, நாளைக்கும் இருக்கிறது, தினம் நாலு தடவை ஏறி இறங்குகிறார். கடைசி நாள் ஐம்பது மாடிக்கு லிஃப்ட் கிடைத்து அவருக்கு என்ன பிரயோஜனம், அதற்குள் முட்டி வீங்கியிருக்கும். "அம்மாவுக்கும் லிஃப்ட் கிடைக்கும்" என்று நீங்கள் எழுதியது, கோபித்துக்கொள்ளாதீர்கள், செலவுக்கு ஒரு நியாயம் தேடுவது மாதிரி இருக்கிறது.

முதலில் கீழே போய், முதல் மாடியில் ஏதாவது அறை காலியா என்று கேளுங்கள். பெரும்பாலும் இதற்குக் காசு வாங்கமாட்டார்கள், கேட்காததால்தான் கிடைப்பதில்லை. இல்லை என்றால் அம்மாவுக்காக நாளைக்கே லிஃப்ட்டும் ஜன்னலும் இருக்கிற நடுத்தர ஹோட்டலுக்கு மாறுங்கள், ஃபேரர் பார்க் பக்கமும் பூகிஸ் பக்கமும் நிறைய உண்டு, தேக்காவும் கோயிலும் கைவிட்டுப் போகாது. அறையின் பெயரிலேயே ஜன்னல் உண்டு என்று போட்டிருந்தால் மட்டும் எடுங்கள். இந்த ஊரில் அப்படிப் போடவில்லை என்றால் ஜன்னல் இல்லை என்றுதான் அர்த்தம்.

முன்பணம் திரும்ப வராத வகையில் புக் செய்திருந்தால் மீதி இரவுகளுக்குக் காசு போனதுதான், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

தேக்காவாசி:
அக்கா சொன்னதுதான் சரி. எனக்கு அது தோன்றவே இல்லை.

ஜன்னல் விஷயமும் சரி. கடைவீடு என்பது முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். தெருப் பக்கமும் பின் சந்துப் பக்கமும் உள்ள அறைகளுக்குத்தான் வெளிச்சம் வரும், நடுவில் இருப்பதெல்லாம் மூடிய பெட்டிதான். அதை எத்தனை அறையாகத் தடுக்கிறார்களோ அத்தனை இருட்டு.

சித்தன்வாசல்:
ஹோட்டலே எதற்கு? மூன்று பேருக்கு ஒரு ஃபிளாட் வாடகைக்கு எடுத்தால் சமையலறையோடு கிடைக்குமே, அம்மா ஒரு ரசம் வைத்தால் போதும்.

தேக்காவாசி:
சிங்கப்பூரில் அது சட்டப்படி முடியாது. தனியார் வீடு என்றால் குறைந்தது மூன்று மாதம், அரசு அடுக்குமாடி வீடு என்றால் ஆறு மாதம், அதற்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. ஆப்பில் அப்படி ஏதாவது தென்பட்டாலும் ஒதுங்கிவிடுங்கள்.

அதேபோல் கேலாங் பக்கம் விலை குறைவு என்று யாராவது சொல்வார்கள். சாப்பாடு அங்கே பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் இரட்டைப்படை எண் போட்ட சில சந்துகளில் சிவப்பு விளக்கு வீடுகள் உண்டு. அம்மாவோடு இருப்பவர்களுக்கு வேண்டாம்.

பஞ்சுமிட்டாய்:
நான் மாற்றிச் சொல்கிறேன். பெரிய ஹோட்டலை முதல் நாளே எடுக்கவேண்டும். ராத்திரி முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்த உடம்புக்கு அன்றைக்குத்தான் நல்ல மெத்தை தேவை. கடைசி நாள் எப்படியும் பெட்டி கட்டும் பரபரப்பில் போய்விடும்.

கோவைக்காரி:
காலை ஆறு மணிக்கு வந்து இறங்குகிறவருக்கு மூன்று மணிக்குத்தான் அறை. அந்த ஒன்பது மணி நேரம் மெத்தை எங்கே இருக்கிறது? இன்னொன்று, மேலே இருந்துவிட்டுக் கீழே வந்தால் நேற்றுவரை சரியாக இருந்த அறைகூடப் பொறுக்காது. சின்னதில் ஆரம்பித்துப் பெரியதில் முடிப்பதுதான் நல்லது.

பஞ்சுமிட்டாய்:
மூன்று மணி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாருக்கும் அப்படிப் பொறுக்காமல் போகாது அக்கா. நான் குளிரூட்டிய பெரிய அறையில் இருந்துவிட்டு அடுத்த நாளே பதினாறு பேர் படுக்கும் ஹாஸ்டலில் குறட்டை விட்டவன். அறை வேறு, ஊர் சுற்றுவது வேறு.

பென்ஷன்தாரர்:
இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தங்கினால்தான் பெரிய ஹோட்டலை அனுபவிக்க முடியும் என்பதில்லை. ராஃபிள்ஸ் 1887இல் ஆர்மீனியச் சகோதரர்கள் நடத்த ஆரம்பித்தது, அதன் லாங் பாரில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில் அந்த ஓர் இடத்தில் மட்டும் வேர்க்கடலைத் தோலைத் தரையில் போடுவது வழக்கம். ஆற்று முகத்தில் நிற்கும் ஃபுல்லர்டன் 1928இல் கட்டிய கட்டடம், பொதுத் தபால் நிலையம் இருந்த இடம், 2001இல்தான் ஹோட்டல் ஆனது. தபால் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தத் தூண்களை அண்ணாந்து பார்க்கவே பிடிக்கும். உள்ளே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதற்கு அறை எடுக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கோபுரத்துக் குளத்தை மட்டும் அப்படி ஒரு தேநீர் விலைக்குப் பார்க்க முடியாது. ஆகவே அந்தப் பெண்ணின் ஆசை நியாயமானது.

சைக்கிள்காரன்:
ஐயா, நீங்களுமா.

பென்ஷன்தாரர்:
நானும்தான். ஒரு ஹோட்டலில் உங்களுக்கு வேண்டியது வெளியே எங்கேயும் கிடைக்காது என்றால் அங்கே தங்குங்கள். வெளியே கிடைக்கும் என்றால் வெளியே போங்கள். மெத்தைக்கும் வாசனைச் சோப்புக்கும் நான் காசு கொடுக்கமாட்டேன்.

பொன்மலை:
அப்டேட். கோவைக்காரி அக்கா, கோபமெல்லாம் இல்லை, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது, உடனே கீழே போய்க் கேட்டேன். முதல் மாடியில், தெருவைப் பார்த்த அறை, நிஜ ஜன்னலோடு கொடுத்துவிட்டார்கள், பத்து வெள்ளிகூட அதிகம் கேட்கவில்லை. அம்மா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பூக்கடையை வேடிக்கை பார்க்கிறார்.

இப்போது புதுச் சிக்கல். கோபுரத்துக்கு அவர் வரமாட்டாராம். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன், எல்லாரும் தமிழ்தானே பேசுறாங்க" என்கிறார். தொகையை மனைவி எப்படியோ உளறிவிட்டாள் என்று சந்தேகம்.

சித்தன்வாசல்:
வயதானவரை வெளிநாட்டில் லாட்ஜில் தனியாக விட்டுவிட்டுக் குளத்துக்குப் போவதா? நன்றாக இருக்கிறது.

பஞ்சுமிட்டாய்:
அவரே சொல்கிறார், நாலு ஸ்டேஷன் தூரம், போன் இருக்கிறது. இதில் என்ன குற்றம்? அம்மா என்றால் தானாக முடிவெடுக்கக் கூடாதா?

சித்தன்வாசல்:
அவர் காசுக்குப் பயந்து சொல்கிறார். அது முடிவா?

கோவைக்காரி:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். தம்பி, அம்மாவிடம் "உங்களுக்கு வரப் பிடிக்கவில்லையா, இல்லை காசைப் பார்த்துச் சொல்கிறீர்களா" என்று நேராகக் கேளுங்கள். எங்கள் மாமியாரிடம் நேராகக் கேட்டால்தான் நேரான பதில் வரும்.

கணக்குப்பிள்ளை:
மூன்று பேரும் போவதென்றால் புக் செய்யும்போதே மூன்று பெரியவர்கள் என்று போடுங்கள். இரண்டு என்று போட்டு மூன்றாவது ஆளைக் கூட்டிப்போனால் குளத்துக் கதவு வரைதான் போவார். முக்கியமாக இன்னொன்று: டெபாசிட்டுக்கு டெபிட் கார்டையோ ஃபாரெக்ஸ் கார்டையோ நீட்டாதீர்கள். பெரிய ஹோட்டல்களில் அறை வாடகை போக ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், கிரெடிட் கார்டு என்றால் லிமிட்டில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் என்றால் கணக்கிலிருந்த காசு கையில் இல்லாமல் போகும், திரும்ப வர நாட்கள் ஆகும். ஒருமுறை வேறோர் ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் அப்படி முடங்கிப்போய், ஊருக்கு வந்தபிறகும் வங்கிக்கும் ஹோட்டலுக்கும் மாறி மாறி மெயில் போட்டுக்கொண்டிருந்தேன். கார்டு மிஷினில் ரூபாயா, வெள்ளியா என்று கேட்டால் வெள்ளி என்றே அழுத்துங்கள். ரூபாயில் காட்டும் விலையில் அவர்களுடைய மாற்று விகிதம் ஒளிந்திருக்கும்.

பொன்மலை:
நேராகக் கேட்டேன். காசுதானாம். "உங்கப்பா இருந்திருந்தா இதுக்கு ஒரு சென்ட் நிலம் வாங்கியிருப்பார்" என்றார். அப்புறம் மனைவி போய் என்ன பேசினாளோ, பத்து நிமிடத்தில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். புக் செய்துவிட்டேன், மூன்று பெரியவர்கள், காலைச் சாப்பாடு இல்லாமல்.

தேக்காவாசி:
சாப்பாட்டை விட்டது நல்லது. தண்ணீர் பாட்டிலும் வாங்காதீர்கள், இங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். குட்டி ஃபிரிட்ஜில் இருக்கும் எதையும் சும்மா எடுத்துப் பார்க்காதீர்கள், சில ஹோட்டல்களில் எடுத்தாலே கணக்கில் ஏறிவிடும். குளத்துக்கு மாலையில் ஒருமுறை, விடிவதற்கு முன் ஒருமுறை போங்கள். இந்த ஊரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் வரும். மாலையில் கூட்டம் தாங்காது.

பொன்மலை:
ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக விவரம்.

காலை ஒன்பதரைக்கே பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பூந்தோட்டத்துக்குப் போனோம். அறை மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிடைத்தது. மாலையில் குளம் தேக்கா சந்தைக்குக் குறையாத கூட்டம். அம்மா கரையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, இத்தனை பேர் இறங்கியிருக்காங்க, ஒருத்தர்கூட நீந்தலையே" என்றார். உண்மை. எல்லாரும் விளிம்பில் நின்று போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்களும்தான்.

தேக்காவாசி அண்ணன் சொன்னபடி விடியும் முன் திரும்பப் போனோம். அப்போதுதான் மனைவிக்குத் திருப்தி. இருட்டில் இறங்கி, எதிரே வங்கிக் கட்டடங்களில் விளக்கு ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போய்வந்தாள், நீளம் ஏறக்குறைய 150 மீட்டர். என்னால் பாதிகூட முடியவில்லை. அம்மாவுக்குக் குளத்தைவிடப் பிடித்தது குளியலறைதான், தரை நனையாமல் உட்கார்ந்து குளிக்க முடிந்ததாம். காலைச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் ரயிலேறி தேக்காவுக்கே போய்த் தோசை தின்றுவிட்டுப் பதினொன்றுக்குள் திரும்பினோம். நாற்பத்தைந்து ஆயிரத்துக்கு மேல் கொடுத்துத் தங்கிவிட்டுத் தோசைக்கு லிட்டில் இந்தியா போனவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு மாலை வரை சுற்றி, அங்கிருந்தே விமான நிலையம்.

திரும்பச் செய்வேனா என்றால், அதே ஹோட்டலுக்கு இல்லை, பார்த்தாகிவிட்டது. ஆனால் முதல் மாடி, ஜன்னல், லிஃப்ட், இந்த மூன்றையும் இனி எந்த ஊரிலும் கேட்காமல் புக் செய்யமாட்டேன்.

சைக்கிள்காரன்:
தோசைக்கு ரயிலேறினீர்களே, அந்த ஒன்றுக்காக மன்னித்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
டெபாசிட்?

பொன்மலை:
கிரெடிட் கார்டில் கொடுத்தேன். முடக்கிய தொகை விடுபட்டுவிட்டது.

மஞ்சப்பை:
இதே மாதிரி நாங்களும் செப்டம்பர் கடைசியில் போகலாம் என்று இருக்கிறோம், கடைசி இரவு அங்கே. ஆனால் விலை இங்கே சொன்னதைவிட ரொம்ப அதிகமாகக் காட்டுகிறதே?

தேக்காவாசி:
ஃபார்முலா 1 பந்தயத் தேதியைப் பார்த்தீர்களா? 2008இலிருந்து அந்த ஹோட்டலைச் சுற்றியுள்ள சாலைகளில்தான் ராத்திரிப் பந்தயம், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். அந்த வாரம் தேக்கா லாட்ஜ்கூட விலை ஏறிவிடும். பந்தயத்துக்கு வரவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

மஞ்சப்பை:
அதுதான் காரணம் போல. அக்டோபர் இரண்டாவது வாரத்துக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன், நன்றி. சாதா அறைக்கு முதல் மாடி கேட்டாச்சு.